சன்ஷேடில் தேன்கூடு: எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி சன்ஷேடில் ஒரு தேன்கூடு தொங்குகிறது என்று வையுங்கள். அன்று மாலைக்குள் குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடு என்பது ஒரு கட்சி. கரப்பான் மருந்தை ஸ்பிரே அடித்தால் போதும் என்பது இன்னொன்று. தேன்கூடு கட்டினால் வீட்டுக்கு லட்சுமி, கை வைக்காதே என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் சேராமல், பால்கனிக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, துவைத்த துணியைக்கூட ஹாலிலேயே காயப்போடும் ஒருவர் இருப்பார். குழுவில் அவர் வாயே திறந்திருக்கமாட்டார். இந்தக் கட்டுரை முக்கியமாக அவருக்கானது.

தேனீயைக் கண்டு பயமே இருக்கக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டினால் வலிக்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. நம் வீடுகளில் சிக்கல் வேறு மாதிரியானது: பயம் தப்பான இடத்தில் குவிந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைத் தேனீயைப் பார்த்து அலறுகிறவர்களே, மலைத்தேனீக் கூட்டுக்கு நேர் கீழே குப்பையைக் கொளுத்துகிறார்கள். பயத்தை எந்த இடத்தில் வைத்துக்கொள்வது, எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும்.

## அது எந்தத் தேனீ?

தமிழ்நாட்டில் வீட்டைச் சுற்றித் தென்படக்கூடிய தேனீக்கள் ஐந்து வகை. கூடு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் வகையைச் சொல்லிவிடலாம்.

1. மலைத்தேனீ. உயரத்தில், வெட்டவெளியில், ஒரே ஒரு பெரிய அடை. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், உயரமான கட்டடங்களின் சன்ஷேடு, பாலம், ஆலமரம், கோயில் கோபுரம் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். அடை ஒரு மீட்டருக்கு மேல்கூட அகலும். ஆனால் அடை நம் கண்ணுக்குத் தெரியாது. பல அடுக்காக அதை மூடியிருக்கும் தேனீக்கள்தான் தெரியும். ‘தேனீக்கள் கொட்டிப் பலர் மருத்துவமனையில்’ என்று செய்தி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

2. கொம்புத்தேனீ. செடி, வேலி, மரக்கிளை, சில சமயம் பால்கனி கிரில். இதுவும் ஒற்றை அடைதான், ஆனால் உள்ளங்கை அளவு, கொஞ்சம் போனால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. தேனீயும் சின்னது, குணமும் சாது. கிளையைப் பிடித்து ஆட்டினால் கொட்டும். தொந்தரவு பெரிதானால் கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும்.

3. இந்தியத் தேனீ. அடுக்குத்தேனீ, பொந்துத்தேனீ என்றும் சொல்வார்கள். இருட்டான பொந்துக்குள் வரிசையாகப் பல அடைகள் கட்டும். மரப்பொந்து கிடைக்காத ஊரில் மின் மீட்டர் பெட்டி, சுவர் ஓட்டை, கவிழ்த்து வைத்த பழைய பானை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் பெட்டி வைத்து வளர்ப்பது இதைத்தான். பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலேயே பெட்டி இருக்கும் வீடுகள் அங்கே உண்டு.

4. இத்தாலியத் தேனீ. ஐரோப்பாவிலிருந்து வந்து பெட்டியில் வளர்க்கப்படுவது. நம் சன்ஷேடில் அது வந்து குடியேறும் வாய்ப்பு மிகக் குறைவு.

5. கொசுத்தேனீ. சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் வாழும். பிசினால் செய்த சின்னக் குழாய் ஒன்று சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் வாசல். இதற்குக் கொட்டவே வராது. மிஞ்சிப்போனால் தலைமுடிக்குள் புகுந்து மெல்லக் கடிக்கும்.

தேனீ என்று நினைத்துப் பயப்படுபவற்றில் கணிசமானவை தேனீயே இல்லை. சுவரில் மண்கூடு கட்டும் குளவி தனியாக வாழ்வது. கூட்டைக் காக்கக் கூட்டமாகப் பாயும் வழக்கம் அதற்குக் கிடையாது. அது கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லி விட்டுவைத்த பழைய ஆட்கள், காரணம் எதுவானாலும், சரியாகத்தான் செய்தார்கள். பெரிதாக, கன்னங்கரேலென்று, காதருகே ஹெலிகாப்டர் சத்தத்தோடு வரும் கருவண்டு மரச்சட்டத்தில் துளை போடும். நம்மை நோக்கிப் பாய்ந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண் வண்டு, அதற்குக் கொடுக்கே கிடையாது. நிஜமாகவே ஒதுங்க வேண்டியது கதண்டு என்ற பெரிய குளவி. டெல்டா மாவட்டங்களில் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளாது. ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும்.

## கொட்டுவது எப்போது?

கொட்டும் தேனீ எல்லாமே பெண்தான். அதிலும் வேலைக்காரத் தேனீ. அதன் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. மனிதத் தோலில் குத்தியதும் அது மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்க முயலும்போது கொடுக்கு, நச்சுப்பை, அதை ஒட்டிய தசை எல்லாம் உடலிலிருந்து பிய்ந்து நம் தோலிலேயே தங்கிவிடும். தேனீ சாகும். ஆகவே தேன் எடுக்கவோ தண்ணீர் குடிக்கவோ தனியாக வந்த தேனீக்கு நம்மைக் கொட்டுவதில் லாபம் ஒன்றுமில்லை. மிதித்தாலோ, சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோ, கையால் அடித்தாலோதான் கொட்டும்.

கூட்டின் பக்கத்தில் கணக்கு மாறிவிடும். அங்கே காப்பாற்றுவதற்குப் புழுக்கள் இருக்கின்றன, தேன் இருக்கிறது, ராணி இருக்கிறது. கொட்டிய இடத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வாசனை பரவும். அதன் முக்கிய வேதிப்பொருளான ஐசோபென்டைல் அசிடேட்டை 1962இல் கண்டறிந்தார்கள். பழுத்த வாழைப்பழத்தின் வாசனை அதற்கு. ஒரு தேனீ கொட்டினால் அடுத்தது அதே இடத்தைத் தேடி வருவது இதனால்தான். கூட்டின் அருகே ஒன்றை நசுக்குவது மற்றவற்றை அழைத்து விருந்து வைப்பதற்குச் சமம்.

கூட்டைக் கிளப்பிவிடும் காரணங்களில் பலவும் நம் கையில் இருப்பவைதான்:

1. புகையும் வெடியும். கூட்டின் கீழே குப்பை எரிப்பது, ஊர்வலத்தில் சரவெடி போடுவது. தேனெடுப்பவர்கள் புகை போடுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் போடுவது அளவான, குளிர்ந்த புகை. அது எச்சரிக்கை வாசனையை மறைக்கும், தேனீக்களும் வயிறு முட்டத் தேனைக் குடித்து மந்தமாகும். டயர் புகைக்கும் பட்டாசுப் புகைக்கும் அந்தக் குணம் கிடையாது.
2. அதிர்வு. சுவரில் டிரில்லிங் மெஷின், பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டுவது, சன்ஷேடு மேல் ஏசி அவுட்டோர் யூனிட் மாட்டுவது.
3. கல்லெறி. சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு பையன் இருப்பான்.
4. பருந்து. தேன்பருந்து அடையைக் குறிவைத்துத் தாக்கும். இதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கலைந்த தேனீக்கள் கீழே நிற்பவர் மேல் பாயும். உள்ளே போய்க் கதவைச் சாத்துவதுதான் வழி.

கருத்த நிறம், முடி, அசைவு, மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவை கோபத்திலிருக்கும் தேனீயை ஈர்க்கும். அது முகத்தையும் கண்ணையும் தேடி வருவதன் காரணம் இது. தேனீ வளர்ப்பவர்கள் வெளிர்நிற உடை போடுவதும் இதனால்தான். சிவப்பு தேனீக்குக் கறுப்பாகத்தான் தெரியும். ஆக, சிவப்புச் சட்டை போட்டால் மாடு முட்டும் என்ற பயத்தைத் தேனீயிடம் கொண்டுவர வேண்டாம். கறுப்புச் சட்டைக்கு என்ன ஜாக்கிரதையோ அதுவே சிவப்புக்கும்.

மலைத்தேனீக் கூட்டை எட்ட நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். கூட்டின் மேல் ஒரு பளபளப்பு சட்டென்று கிளம்பி, ஓரம்வரை ஓடி அடங்கும். சில நொடியில் இன்னொன்று. பார்க்கிறவருக்கு, கூட்டம் நம் மேல் பாயத் தயாராகிவிட்டது என்று வயிற்றைக் கலக்கும். உண்மையில் ஒரு தேனீகூட இடத்தைவிட்டு நகர்வதில்லை. பக்கத்தில் இருப்பது வயிற்றைத் தூக்கியதும் தானும் தூக்குகிறது, அவ்வளவுதான். பெரிய குளவிகளை இந்த அலை விரட்டுகிறது என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அலை தெரிந்தால், கூடு உங்களையோ வேறெதையோ கவனித்துவிட்டது என்று பொருள். பின்வாங்கினால் போதும், ஓட வேண்டியதில்லை.

## இரவில் டியூப்லைட்டைச் சுற்றுவது ஏன்?

‘ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக உள்ளே வருகிறது, காலையில் பார்த்தால் தரையெல்லாம் செத்துக் கிடக்கிறது’ என்ற புகார் அடுக்குமாடிகளில் சகஜம். அந்தத் தேனீக்கள் தாக்க வந்தவை இல்லை. மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில் பறந்து தேன் சேகரிக்கக்கூடியது. நம் விளக்கு அதைக் குழப்பிவிடுகிறது. சுற்றிச் சுற்றிக் களைத்து விழும். பறக்கத் தெம்பில்லாமல் தரையில் ஊரும்.

ஆபத்து இருப்பது மேலே சுற்றும் தேனீயிடம் அல்ல, கீழே கிடப்பதிடம். வெறுங்காலால் மிதித்தால் கொடுக்கு உள்ளங்காலில் ஏறும். செத்துப்போனதன் கொடுக்கும் குத்தும். எனவே:

1. கூடு இருக்கும் பக்கத்து ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். இதைவிட மலிவான, உறுதியான தீர்வு வேறில்லை.
2. இருட்டுவதற்கு முன் அந்தப் பக்கத் திரையை இழுத்துவிடுங்கள். பால்கனி விளக்கை அணைத்துவையுங்கள்.
3. உள்ளே வந்துவிட்டால் அறை விளக்கை அணைத்து, வெளியே ஒரு விளக்கைப் போட்டு ஜன்னலைத் திறங்கள். பகலில் என்றால் ஜன்னலைத் திறந்தாலே வெளிச்சத்தைப் பார்த்துப் போய்விடும்.
4. படுக்கையை உதறிவிட்டுப் படுங்கள். காலையில் செருப்புப் போட்டுக்கொண்டு துடைப்பத்தால் கூட்டுங்கள். கையால் பொறுக்க வேண்டாம்.

கூட்டின் கீழே நிற்கும் கார் மேலும் காயப்போட்ட வேட்டி மேலும் மஞ்சள் புள்ளிகள் விழுந்திருந்தால் அது விஷமல்ல, தேனீயின் எச்சம். மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து ஒரே நேரத்தில் கழிக்கும். இந்த மஞ்சள் புள்ளி ஒரு காலத்தில் உலக அரசியலையே ஆட்டியது. தென்கிழக்கு ஆசியாவில் விழுந்த ‘மஞ்சள் மழை’ சோவியத் தரப்பின் ரசாயன ஆயுதம் என்று 1981இல் அமெரிக்கா குற்றம் சாட்டியது. அறிவியலாளர்கள் மேத்யூ மெசல்சனும் தாமஸ் சீலியும் 1984இல் தாய்லாந்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் மேலேயே தேனீ எச்சம் மழையாகப் பொழிந்தது. நம் வேட்டிக்குச் சோப்புப் போட்டால் போதும்.

## கொட்டிவிட்டால்

பயத்தின் வேர் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பதில் தெளிவாக இல்லாததால் மனம் எப்போதும் மோசமான முடிவையே கற்பனை செய்கிறது. நடக்கக்கூடியவை நான்கு.

1. சாதாரண வலி, வீக்கம். பெரும்பாலானோருக்கு இதுதான். சில மணி நேரத்தில் வலி தணியும். அரிப்பு ஓரிரு நாள் இருக்கும்.
2. கொட்டிய பகுதி முழுவதும் பெரிதாக வீங்குவது. விரலில் கொட்டினால் முழங்கைவரை வீங்கலாம். பார்க்கப் பயமாக இருக்கும், சில நாளில் வடிந்துவிடும். மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம்.
3. உடல் முழுதும் ஒவ்வாமை. கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடும் தொண்டையும் வீங்குவது, மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம். சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும். உடனே 108க்குக் கூப்பிட வேண்டும்.
4. ஏராளமான கொட்டுகள். ஒவ்வாமை இல்லாதவரையும் நஞ்சின் அளவே பாதிக்கும். தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கலாம், அதுவும் ஓரிரு நாள் கழித்து. ஐம்பதுக்குப் பக்கத்தில் கொட்டு வாங்கியவர், குழந்தையென்றால் அதைவிடக் குறைவானாலும், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கொட்டியதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கொடுக்கை உடனே எடுப்பது. பிய்ந்து நிற்கும் நச்சுப்பை தானாகத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி முதல் அரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். நகத்தால் பிடுங்காதே, ஏடிஎம் கார்டால் சுரண்டு என்ற அறிவுரை இன்னும் சுற்றுகிறது. பிடுங்கினாலும் சுரண்டினாலும் வித்தியாசமில்லை, தாமதம்தான் வீக்கத்தைக் கூட்டுகிறது என்று 1996இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு தெரிவித்தது. கார்டைத் தேடும் நேரத்தில் நஞ்சு இறங்கியிருக்கும். பிறகு கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். சுண்ணாம்பு, மஞ்சள், இரும்புச் சாவியைத் தேய்ப்பது எல்லாம் தோலின் மேலே நடப்பவை. நஞ்சு தோலுக்கு உள்ளே இருக்கிறது. கொடுக்கை எடுத்த பிறகு மனத் திருப்திக்காக மஞ்சள் தடவினால் யாரும் தடுக்கப்போவதில்லை.

மூன்றாவது வகைக்கு உயிர் காக்கும் மருந்து அட்ரீனலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் ஊசி. பக்கத்து கிளினிக்கில் ‘ஒரு அவில் போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க’ என்றால் ஒப்புக்கொள்ளக்கூடாது. அவில் என்ற ஒவ்வாமை மருந்து அரிப்பைத் தணிக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது. அறிகுறிகள் அடங்கிச் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்பதால் மருத்துவமனையில் இருப்பது அவசியம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்; ஒவ்வாமை வந்தால் அவர்களுக்குக் கடுமையாகலாம், அட்ரீனலினும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

முன்பு ஒருமுறை இப்படி உடல் முழுதும் ஒவ்வாமை வந்தவரின் பயம் நியாயமானது. அவர் அடுத்து வரும் பயிற்சியில் இறங்குவதற்கு முன் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க வேண்டும். நஞ்சையே மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாக ஊசியாகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது.

## பயம் எங்கிருந்து வந்தது?

பலர் ஒருமுறைகூடக் கொட்டு வாங்கியிருக்கமாட்டார்கள். பிறகு எப்படி? பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். 1980களில் சூசன் மினேகா என்ற உளவியலாளர், ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த, பாம்புக்குப் பயப்படாத குரங்குகளைக் கொண்டு சோதித்தார். காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதை அவை பார்த்தன. அதன்பின் தாங்களும் மிரண்டன. நம் வீட்டில் தேனீ வந்ததும் ‘ஐயோ, ஓடு ஓடு’ என்று அம்மா கத்தும்போது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாடம் முடிந்துவிடுகிறது.

வந்த பயம் ஏன் போகாமல் நிற்கிறது என்பது இன்னொரு கேள்வி. பால்கனிக் கதவைச் சாத்தியதும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியே, கதவைச் சாத்தியதால்தான் தப்பித்தோம் என்று மனத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறது. திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே வருவதில்லை. ஒவ்வொரு தப்பித்தலும் பயத்துக்கு உரம் போடுகிறது.

சாதாரணப் பயத்துக்கும் மருத்துவர்கள் ‘ஃபோபியா’ என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. ஆபத்துக்குப் பொருந்தாத அளவு பயம், ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் நீடிப்பது, அதனால் அன்றாட வாழ்க்கையே முடங்குவது: இவை சேர்ந்தால் ஃபோபியா. ஜன்னலைத் திறக்க முடியாமல் வெயில் காலம் முழுக்கப் புழுங்குகிறவர், பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துப்போக மறுப்பவர் எல்லாம் இந்த எல்லையைத் தொட்டவர்கள்தான். ‘இத்தனூண்டு பூச்சிக்கா பயப்படுற?’ என்று கேலி செய்வதால் யாருக்கும் குணமானதில்லை. பூச்சி சின்னது என்பது அவருக்கும் தெரியும்.

இதற்கான சிகிச்சை புதிதல்ல. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் அருகில் நகர்த்தினார். கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1950களில் ஜோசப் வோல்ப் இதை முறையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். சுவீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட், ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் இதைச் செய்ய முடியும் என்று 1989இல் எழுதினார். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: பயப்படும் பொருளை, திட்டமிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஓடாமல் சந்திப்பது.

## வீட்டிலேயே ஏறக்கூடிய படிகள்

தொடங்குமுன் இரண்டு நிபந்தனை. ஒவ்வாமை வரலாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மலைத்தேனீக் கூட்டை வைத்து யாருமே பயிற்சி செய்யக்கூடாது. அந்தப் பயம் இருக்க வேண்டிய பயம்.

ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். அது தொடங்கிய அளவில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கும்வரை அதே படியில் நில்லுங்கள். ஒரே நாளில் எல்லாம் ஏறத் தேவையில்லை.

1. படம். போனில் இந்தியத் தேனீயின் நெருக்கமான படம் ஒன்றைப் பாருங்கள். கண், மீசை, பின்னங்காலில் ஒட்டியிருக்கும் மகரந்த உருண்டை என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.
2. வீடியோ. முதலில் சத்தமில்லாமல். அப்புறம் சத்தத்தோடு. பலருக்கு உருவத்தைவிட ரீங்காரம்தான் பெரிய பயம். அவர்கள் சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகலாம்.
3. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் நிஜத் தேனீ. இதற்குத் துளசித் தொட்டி போதும். கதிர் விட்ட துளசியைக் காலை வெயிலில் பால்கனியில் வைத்தால் தேனீ வரும். ஒரு பூவில் ஓரிரு நொடிதான் நிற்கும், அடுத்த பூவுக்குத் தாவும், கதிரின் கீழிருந்து மேலே போய் அடுத்த கதிருக்குப் பறக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவரை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது சீக்கிரமே புலப்படும்.
4. கதவைத் திறந்து. மூன்று மீட்டர் தள்ளி உட்காருங்கள். நாற்காலியைப் பிறகு இரண்டு மீட்டருக்கு, ஒன்றுக்கு நகர்த்துங்கள். உட்காருமுன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: ‘பத்து நிமிடத்துக்குள் அது என் மேல் பாயும்.’ பத்து நிமிடம் கழித்து என்ன நடந்தது என்று அதன் கீழேயே எழுதுங்கள். இந்தத் தாள்தான் மருந்து. தைரியம் தானாக வரும்.
5. நடமாட்டம். தேனீ இருக்கும்போதே துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கொடியில் துணி காயப்போடுவது. கோடையில் சொட்டும் குழாயடியில் தண்ணீர் குடிக்க வரும் தேனீக்களின் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவுவது.
6. கண்ணாடி டம்ளர். ஜன்னலில் மாட்டிக்கொண்ட தேனீ மேல் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நுழைத்து, வெளியே கொண்டுபோய் விடுவது. இதைச் செய்து முடித்தவருக்கு ஒற்றைத் தேனீயிடம் இனி வேலையில்லை.

பயிற்சி பலிக்காமல் போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடிவிடுவது. அப்படி ஓடினால் முன்பைவிடப் பயம் கூடும். தாங்க முடியாவிட்டால் ஒரு படி இறங்குங்கள், விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வது, கணவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது போன்ற கவசங்கள். தொடக்கத்தில் இருக்கட்டும். ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றாவிட்டால், ‘துப்பட்டா இருந்ததால் பிழைத்தேன்’ என்ற பாடம்தான் மிஞ்சும்.

பிள்ளைகளுக்கு இதே படிகள், விளையாட்டாக. கட்டாயப்படுத்திக் கையைப் பிடித்து இழுத்துப் போவது வேண்டாம். பெரியவர் தன் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்வதே அவர்களுக்கு முதல் படி. ‘அசையாமல் நில்லு, அது போயிடும்’ என்பது தனியாக வரும் தேனீக்குச் சரி. கூட்டம் துரத்தினால் நிற்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: முகத்தை மூடிக்கொண்டு, கையை வீசாமல், நேராக ஓடி, அருகிலிருக்கும் அறைக்குள்ளோ காருக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்த வேண்டும். மலைத்தேனீ நூறு மீட்டருக்கு மேலும் துரத்தும். தண்ணீருக்குள் குதிப்பது பயன் தராது. மூச்சு வாங்க மேலே வரும்வரை அவை காத்திருக்கும்.

## கூட்டை என்ன செய்வது?

சரி, சன்ஷேடுக்கு வருவோம். ஆளுக்கொரு யோசனை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை:

1. அடை இருக்கிறதா, வெறும் கூட்டமா? கொத்தாகத் தேனீக்கள் மட்டும் தொங்கினால் அது இடம் மாறும் வழியில் இளைப்பாறும் கூட்டம். காப்பாற்றப் புழுவும் தேனும் இல்லாததால் சாதுவாகவே இருக்கும். சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில் கிளம்பிவிடும். தேவைப்படுவது பொறுமை.
2. என்ன வகை? கொசுத்தேனீயையும் கொம்புத்தேனீயையும் விட்டுவிடலாம். இந்தியத் தேனீயைத் தேனீ வளர்ப்பவர் ஒருவர் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அது வரவு. மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பூக்கும் காலம் முடிந்ததும் அது தானே இடம்பெயரும்.
3. ஆள் நடமாட்டத்துக்கு எவ்வளவு அருகில்? ஏழாவது மாடித் தொட்டியின் அடியில் இருப்பதைக் கலைக்கத் தேவையில்லை. பள்ளிக்கூட வாசல், லிஃப்ட் பக்கம், முதியவர் உட்காரும் பால்கனி என்றால் எடுக்கத்தான் வேண்டும்.

எடுப்பதென்றால் பழக்கப்பட்ட ஆள், முழு உடை, இருட்டிய பிறகு, குடியிருப்பு முழுவதுக்கும் முன்கூட்டியே தகவல். ஆள் கிடைக்காத, அவசரமான நிலையில் தீயணைப்புத் துறையின் 101. வாட்ச்மேன் கையில் தீப்பந்தத்தைக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கூடு எரியும், வெளியே பறந்தவை மிஞ்சும், மறுநாள் காலை பால்காரரும் ஸ்கூல் வேனுக்கு நிற்கும் பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள். பூச்சிமருந்து அடித்தால் இன்னொரு தொல்லை: செத்த கூட்டின் தேன் சுவரில் வழியும், எறும்பு வரும், அந்தத் தேனை யாரும் தின்னவும் முடியாது.

கூடு போன பிறகு பலரும் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு. பழைய மெழுகின் வாசனை புதுக் கூட்டத்தை அழைக்கும். மலைத்தேனீ ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்புவதற்குப் பேர்போனது. தேனீ முழுவதும் போனதை உறுதி செய்துகொண்டு, அடை ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி, மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள். மீட்டர் பெட்டியின் ஓட்டையையும் சுவர் விரிசலையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால் பொந்துத்தேனீக்கும் அங்கே இடமிருக்காது. அடைப்பதற்கு முன் உள்ளே எதுவும் குடியில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் அடைபட்ட தேனீக்கள் வேறு வழி தேடும்போது அந்த வழி சமையலறைக்குள் திறக்கலாம்.